பேக்கரிப் பள்ளிக்கூடத்துக் கதிரை

"மேடம், இது உண்மையான பள்ளிக்கூடம்தானா?"

சாம்பியா நாட்டின் என்டோலா நகரத்தில், தலையில் ஒரு மரக் கதிரையைச் சுமந்துகொண்டு வந்த ஒரு பெண்பிள்ளை வாசலில் நின்று இப்படிக் கேட்டாள். கேள்வியில் குறும்பு இல்லை. சந்தேகம்தான் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடிய இடம்தான் அது. பூட்டிக் கிடந்த ஒரு பேக்கரி. பின் சுவரில் பாண் சுடுகிற இரண்டு பெரிய போறணைகள் வாயைத் திறந்தபடி நின்றன. அவற்றுக்குள்ளேதான் பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மா பிசைந்த நீண்ட மேசையின் பலகையைக் கழற்றிக் கறுப்புத் தீந்தை பூசிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அதுதான் கரும்பலகை.

அந்தக் காலத்தில் அங்கே ஏழாம் வகுப்புச் சோதனையில் தேறினாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மேல்வகுப்பில் இடம் கிடைக்காது. இடம் கிடைக்காத பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் சிலர் கூடிப் பேசி, தங்களுக்குள் காசு போட்டு, அந்தப் பேக்கரியை வாடகைக்கு எடுத்தார்கள். பெர்ப்பெத்துவா உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். ஊர் அதைப் பேக்கரி என்றேதான் சொன்னது.

தளபாடம் வாங்க வழியில்லை. ஆகவே ஒரு விதி வைத்தார்கள். சேருகிற பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கதிரை கொண்டுவர வேண்டும். படித்து முடித்துப் போகும்போது அதை அடுத்துவரும் பிள்ளைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படிக் குசினிக் கதிரை, கோயில் நீள வாங்கு, மெத்தை கட்டிய பெயின்ற் வாளி என்று ஒவ்வொன்றாக வந்து அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்தது.

எல்லாக் கதிரைகளும் பிள்ளைகளுக்கே போதாமல் இருந்ததால், படிப்பித்த திரேசம்மாவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணவனோடு போயிருந்த அவள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றபடியே கணக்குப் படிப்பித்துக் கால்கள் வீங்கிப் போயிருந்தன.

கேள்வி கேட்ட பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆசிரியையின் வயிற்றைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள். தலையிலிருந்த கதிரையை இறக்கி, பாவாடை நுனியால் ஒருதரம் துடைத்து, திரேசம்மாவுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு ஒரு வெறும் மாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் இருந்ததே அந்த ஒரு கதிரைதான் என்பதும், செம்பு ஆலையில் வேலை முடிந்து வருகிற தகப்பன் இருந்து இளைப்பாறுவது அதில்தான் என்பதும் திரேசம்மாவுக்குக் கனநாள் கழித்தே தெரியவந்தது. அதற்குள் குழந்தையும் பிறந்து, அந்தக் கதிரை அவளுடைய கதிரையாகவே ஆகிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பிள்ளையின் தாய் வாங்க மறுத்துவிட்டாள். "விட்டது விட்டதுதான், அது பள்ளிக்கூடத்து விதி" என்றாள். அவர்களுடைய வீட்டில் தகப்பன் பாயில்தான் இருந்தார்.

நல்ல காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துவிடுகின்றன. செய்தவர் மறந்துபோகிறார். பெற்றவருக்கு மட்டும் நெஞ்சில் ஒரு மூலையில் கிடக்கிறது.

முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. திரேசம்மா இப்போது கனடாவின் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் கதிரைகளை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அடுத்த பூசை ஆங்கிலத்தில். அதற்கு ஆபிரிக்கச் சனம் நிறைய வரும். யாரும் அவளிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் வந்ததும் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு. வேளைக்கே வந்துவிட்ட ஒரு பெண் தேநீர் மேசையடியில் நின்று தன் தோழியிடம் கோபமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பராமரிக்கிற வேலை செய்பவள் என்பது உடுப்பிலேயே தெரிந்தது.

"பதினொரு வருசம் கிழவர்களைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். உதவித் தாதிப் படிப்புக்கு இப்போதுதான் இடம் தந்தார்கள். வேலை தருகிறவர்களும் இந்த வருசம் மட்டும் சம்பளத்தோடு லீவு தருகிறோம் என்கிறார்கள். இப்போது பார், என்னுடைய சான்றிதழ் என்னுடையது இல்லையாம்! அந்தப் பள்ளிக்கூடமும் எங்கேயும் பதிவில் இல்லையாம். இது உண்மையான பள்ளிக்கூடமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மே முடிவதற்குள் நிரூபிக்காவிட்டால் இடம் போய்விடும். என்டோலாவில் அந்தக் கட்டடம் இப்போது டயர் கடை. நான் யாரைக் கொண்டுபோய்க் காட்டுவேன்?"

என்டோலா என்ற சொல் காதில் விழுந்ததும் திரேசம்மாவின் கையிலிருந்த கதிரை பாதி மடித்தபடி நின்றது. மெல்லக் கிட்டப் போனாள். "அந்தச் சான்றிதழை நான் ஒருதரம் பார்க்கலாமா, மகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் தொலைபேசியில் படத்தைக் காட்டினாள். பள்ளியின் பெயர் பெர்ப்பெத்துவா. மாணவியின் பெயர் ஜோசப் கத்தரின்.

"கடவுச்சீட்டில் நான் கத்தரின் முலெங்கா. இந்த ஜோசப் கத்தரின் யார் என்று கேட்கிறார்கள்."

திரேசம்மா பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள். அது யார் செய்த வேலை என்று அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பேக்கரியில் பள்ளிக்கூடத்துப் பெயர் இடாப்பு அவள் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் உன் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டு, யாழ்ப்பாணத்தில் எழுதுகிற மாதிரியே தகப்பனின் பெயரை முன்னுக்கும் பிள்ளையின் பெயரைப் பின்னுக்கும் எழுதினாள். அந்த ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, அதைப் பின்னால் எழுத வேண்டும் என்பது அவளுடைய நினைப்பிலேயே வரவில்லை. பரீட்சை விண்ணப்பங்களையும் அப்படியே நிரப்பி அனுப்பினாள். பரீட்சை முடிந்த மாதமே கனடாவுக்கும் வந்துவிட்டாள். சான்றிதழ்கள் எப்படி வந்தன என்று பார்க்க அவள் அங்கே இல்லை.

"கத்தரின்," என்றாள். "உன்னுடைய கதிரையில் நாலு வருசத்துக்கு மேல் இருந்தவள் நான்."

கத்தரின் அவளை உற்றுப் பார்த்தாள். முகத்தில் கோபம் கரைந்து, வாய் திறந்தபடி நின்றது. "மேடம் அருமை!" என்று கத்தினாள். கணவர் அருமைநாதனின் பெயரை வைத்து அங்கே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மேடம் அருமை! வயிற்றில் இருந்த பிள்ளை எங்கே?"

"அவள் இப்போது கார் ஓட்டுகிறாள். ஓட்டிக்கொண்டே என்னை ஏசுகிறாள்."

அன்று பின்னேரம் புவாண்ட்-கிளேரிலிருந்து மகள் ஜொய்சி சாப்பிட வந்திருந்தாள். திரேசம்மா நடந்ததைச் சொன்னாள். பெயரைப் பிழையாக எழுதியது தான்தான் என்று தானே போய்ச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள்.

"உங்களுக்கென்ன விசரே அம்மா?" என்றாள் ஜொய்சி. "பிழை விட்டது நான்தான் எண்டு கவர்மெண்டுக்கு நீங்களே போய்ச் சொல்லப் போறியளே?"

"நான் விட்ட பிழைக்குப் பேந்து ஆர் போய்ச் சொல்லுறது? பக்கத்து வீட்டுக்காரனே?"

அருமைநாதன் தொலைக்காட்சியில் ஓடிய ஹொக்கி விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் அப்பவே சொன்னனான். நான் படிப்பிச்சது அரசாங்கப் பள்ளிக்கூடம். நீர் படிப்பிச்சது பாண் கடை."

"ஓம், உங்கட அரசாங்கப் பள்ளிக்கூடத்தில எத்தினை பேர் கணக்கில பாஸ் பண்ணினவை எண்டு நான் கேக்கேல்லை."

"அப்பா, வாங்கிக் கட்டாதேங்கோ," என்று ஜொய்சி சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, உங்களை ஆர் நம்புவினம்? நீங்கள் அங்க படிப்பிச்சதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்டாள்.

திரேசம்மா அகதியாக வந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு குழந்தையும்தான். "சூசையப்பர் பாத்துக்கொள்ளுவார்," என்றாள்.

"சூசையப்பருக்குக் கார் இருக்கோ?"

"உன்னட்ட இருக்குத்தானே, பிள்ளை."

ஜொய்சி பெருமூச்சு விட்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

தாதிப் பள்ளியின் அனுமதி அலுவலகத்துக்குக் கத்தரினும் வந்து சேர்ந்தாள். அங்கே இருந்த பெண் ஒல்லியானவள், கண்ணாடி போட்டவள், கடுமையானவள் அல்ல. ஆனால் தன் வேலையைத் தவறாமல் செய்பவள். பொன்ஜூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஒருவர், இது இன்னொருவர்," என்றாள். "சும்மா நான் ஏற்க முடியாது. முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். யார் தொடங்கினார்கள், எங்கே இருந்தது, எப்போது மூடினார்கள்?"

திரேசம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். பேக்கரியைப் பற்றி, போறணைக்குள் புத்தகம் வைத்ததைப் பற்றி, மழைக்காலத்தில் தகரக் கூரையின் சத்தத்துக்குப் படிப்பிக்க முடியாமல் பிள்ளைகளைப் பாடவிட்டதைப் பற்றி. தலைமையாசிரியர் மரியாதையானவர், ஆனால் கையெழுத்து வைக்கிற கடதாசி எதையும் வாசிக்க மாட்டார் என்பதையும் சொன்னாள். விஞ்ஞானப் பாடத்துக்கு ஆய்வுகூடம் இல்லாமல், பக்கத்து மருத்துவ நிலையத்துக்காரர் சனிக்கிழமைகளில் தன் அறையைத் திறந்துவிட்டதை, முதல் தொகுதிப் பிள்ளைகள் பரீட்சை எழுதப் போன காலையில் சந்தைப் பெண்கள் வழிநெடுக நின்று கைதட்டியதை. விட்ட இடத்திலிருந்து கத்தரின் தொடர்ந்தாள். செம்பு விலை விழுந்து ஆலையில் ஆட்களைக் குறைத்தார்கள். சம்பளம் இல்லாத வீடுகளில் பள்ளிக் காசு எங்கிருந்து வரும்? பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் கதிரைகள்தான் மிஞ்சின. மூடிய நாளில், கதிரை இல்லாத வீடுகளைத் தேடிப் போய் அவற்றைக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லது," என்றாள் மெதுவாக. "ஆனால் பெயர்?"

திரேசம்மா கைப்பையைத் திறந்து தன்னுடைய மருத்துவ அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

அந்தப் பெண் அட்டையைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். "மதாம் சூசைப்பிள்ளை."

"சூசைப்பிள்ளை என்னுடைய அப்பா. அவர் செத்துக் கனகாலம். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் ஆசுப்பத்திரியில் அவரைக் கூப்பிடுவார்கள், நான் திரும்பிப் பார்ப்பேன், எங்கே இருந்து வந்தார் என்று. முப்பது வருசமாக என்னுடைய அப்பாதான் இங்கே தடுப்பூசி போடுகிறார், பல் பிடுங்குகிறார், பஸ்ஸில் முதியோர் சலுகை வாங்குகிறார். நான் ஒருதரமும் போகவில்லை."

பின்னால் இருந்த ஜொய்சி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால். அதுதான் எனக்குத் தெரிந்த முறை. அந்த முறையில்தான் இந்தப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதினேன். அவர்களுடைய முறை என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இவளுடைய தகப்பனின் பெயர் ஜோசப். ஜோசப்பின் மகள் கத்தரின். வேறொருவர் இல்லை."

கத்தரின் தன் தொலைபேசியை நீட்டினாள். கூடப் படித்தவர்களின் குழுவில் ஞாயிறே கேட்டிருந்தாள். லுசாக்காவிலிருந்து, கிட்வேயிலிருந்து, லண்டனிலிருந்து ஒவ்வொருவராகச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். பீற்றர் ஜேம்ஸ். டேவிட் குளோரியா. மத்தேயு ஆக்னஸ். ஒவ்வொன்றிலும் தகப்பன் முன்னால் நின்றார்.

அந்தப் பெண் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "இத்தனை பேரில் ஒருவராவது, என் பெயர் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லவில்லையா?"

"இல்லை," என்றாள் கத்தரின். "உண்மையான பள்ளிக்கூடங்களில் இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம்."

இப்போது நால்வருமே சிரித்தார்கள்.

"இன்னொரு வழியும் இருக்கிறது," என்றாள் அந்தப் பெண். "சாம்பியாவின் பரீட்சைச் சபைக்கு எழுதிப் பெயரைத் திருத்தி வாங்கலாம். ஜோசப்பை எடுத்துவிடுவார்கள். அது சுத்தமான வேலை. ஆனால் நாள் எடுக்கும்."

கத்தரினின் முகம் மாறியது. "வேண்டாம்," என்றாள். "முதல் தவணை றிப்போர்ட் வீட்டுக்குப் போனபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தார். 'பார், என்னுடைய பெயர் முன்னால் நடந்து போகிறது, பிள்ளை பின்னால் பத்திரமாகப் போகிறாள்' என்றார். அடுத்த வருசம் செத்துப்போனார். அவருடைய பெயர் எழுதியிருக்கிற ஒரே கடதாசி இதுதான். இதைத் திருத்தித்தான் தாதியாக வேண்டுமென்றால், நான் கிழவர்களைத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன்."

திரேசம்மா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். தான் அறியாமல் செய்த பிழை ஒருவனுடைய கடைசிச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. ஆண்டவர் எதை எதற்குப் பாவிக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

"சத்தியக் கடதாசியையும் இந்தப் படங்களையும் சேர்த்து அனுமதிக் குழுவுக்கு அனுப்புகிறேன்," என்றாள் அந்தப் பெண். "அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நான் வாக்குத் தர முடியாது, மதாம் சூசைப்பிள்ளை." பிறகு நினைத்துக்கொண்டு, "மன்னிக்கவும், மதாம் திரேசம்மா," என்றாள்.

பிறகு வந்த நாட்கள் திரேசம்மாவுக்கு நீண்டன. ஒவ்வொரு நாளும் பின்னேரம் செபமாலை சொன்னாள். தன்னால்தான் அந்தப் பிள்ளையின் இடம் போகப் போகிறது என்ற பயம் சோற்றில் கல்லைப் போலக் கடிபட்டது. அருமைநாதன்கூடப் பாண் கடைப் பகிடியை நிறுத்திவிட்டார். மே மாதம் முடிகிற கிழமையில் ஒரு மத்தியானம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"மேடம் அருமை!" கத்தரினின் குரலுக்குப் பின்னால் முதியோர் இல்லத்துச் சத்தங்களும் கேட்டன. "ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அது உண்மையான பள்ளிக்கூடம்தானாம். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று பதிந்தாயிற்று. சான்றிதழில் ஒரு எழுத்தும் மாற்றத் தேவையில்லையாம். ஓகஸ்டில் படிப்புத் தொடங்குகிறது!"

திரேசம்மா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கீரைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாதாவே," என்று மட்டும் வந்தது. அன்றிரவு கனநாட்களுக்குப் பிறகு ஒரே நித்திரை.

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதி நகரம் வீடு மாறும். கத்தரினும் மாறினாள். நிலவறை வீட்டை விட்டு, பக்கத்துப் பகுதியான வில்லரேயில் வெளிச்சமான ஒரு மேல்மாடிக்கு. வளைந்த இரும்புப் படிகளுள்ள வீடு. விலாசத்தைத் திரேசம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பின்னேரம் தேநீருக்கு வரச் சொல்லியுமிருந்தாள்.

திரேசம்மா காலையிலேயே போனாள், யாரிடமும் சொல்லாமல். குசினி மேசையைச் சுற்றி நின்ற மேப்பிள் மரக் கதிரைகளில் உறுதியான ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். முதல்நாளே காலாட்டத்தைப் பார்த்து ஆணி இறுக்கி, மெழுகு பூசி வைத்திருந்தாள். ஒரு கையில் அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். அன்றைக்கு ஊரே தளபாடம் தூக்கிக்கொண்டு திரிந்ததால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தரினின் சாமான்கள் நடைபாதையில் குவிந்திருந்தன. கட்டில் பலகை, ஒரு சின்ன மேசை, பெட்டிகள், ஒரு பூச்செடி. மேலே திறந்த யன்னலால் அவளுடைய குரல் கேட்டது. யாருக்கோ மெத்தையை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே யாரும் இல்லை.

திரேசம்மா கதிரையை மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்குத் தெருவில் கிடக்கிற எதையும் எறிந்தது என்று நினைத்து ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே கைப்பையிலிருந்து நூல்கயிற்றை எடுத்து, கதிரைக் காலை மேசைக் காலோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். சட்டை நுனியால் இருக்கையை ஒருதரம் துடைத்தாள்.

"ஜோசப், இதில இருங்கோ," என்று தமிழிலேயே மெதுவாகச் சொன்னாள்.

மேலே மெத்தை எங்கோ இடித்துக்கொண்டு யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. படியில் காலடி விழுவதற்குள் அவள் மூலையைத் திரும்பிவிட்டாள்.